மோட்டார் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழம்

டிரெட்மில் விற்கிற கடைக்கு நடக்க ஆசைப்பட்டு யாரும் வருவதில்லை. நடக்காததற்கு டாக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டுதான் வருகிறார்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும் என் சக ஜீவன்களே, உங்களைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நானே கடையில் உட்கார்ந்து உட்கார்ந்து உருண்டு போனவள்தான்.

மலேசியாவின் ஈப்போ நகரில், சிலிபினில் உடற்பயிற்சிச் சாமான்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எங்களிடம் அதிகம் போகிற சரக்கு மோட்டார் இல்லாத சின்ன டிரெட்மில். கரண்டு வேண்டாம். மடக்கி அலமாரிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துவிடலாம். நீங்கள் நடந்தால் பெல்ட் ஓடும், நின்றால் நிற்கும். வாங்கிய மெஷினை வேனில் ஏற்றிக்கொண்டு போய், வீட்டில் பூட்டிக் கொடுத்துவிட்டு வருபவர் என் வீட்டுக்காரர் மணியம். ஈப்போவுக்கும், நினைத்தால் மழை கொட்டுகிற தைப்பிங்குக்கும் நடுவே காலமெல்லாம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸை விட்ட பிறகும் ஸ்டியரிங்கை விட மனசில்லாமல் இந்த வேனைப் பிடித்துக்கொண்டார்.

அவருக்குச் சர்க்கரை. போன தடவை கிளினிக்கில், டாக்டர் அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, நைலான் நூல் மாதிரி ஒன்றால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பெருவிரலைத் தொட்டது இவருக்குத் தெரியவே இல்லை. தினமும் நடந்து சர்க்கரையை இறக்குங்கள், கால் இன்னும் மரத்துப் போனால் பிரேக் பெடல் எங்கே இருக்கிறதென்றே தெரியாது, அப்புறம் வண்டி ஓட்டுவதை மறந்துவிட வேண்டியதுதான், அடுத்த தடவை பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டர். கையில் ஸ்டியரிங் இல்லாமல் இந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்ததும், கடையிலிருந்து ஒரு மெஷின் எடுத்துக்கொள்ளலாமா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னார்:

"ஒரே எடத்துல நடந்து எங்க போறது?"

பிளக் எங்கே?

ஜெலாப்பாங்கில் ஃபேக்டரி வேலை பார்க்கும் கதிர் என்ற இளைஞர் கடைக்கு வந்தார். புதுக் கல்யாணம், புது வீடு, புதுத் தொப்பை. டிரெட்மில்லைச் சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். பின்னால் போய்த் தடவினார். வயரைத் தேடுகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வயரும் கிடையாது, மோட்டாரும் கிடையாது தம்பி, உங்கள் கால்தான் மோட்டார் என்றேன். பிறகு என் வழக்கமான பாட்டைப் பாடினேன். சின்னதாக இருக்கிறதே என்று பார்த்த உடனே வாங்கக் கூடாது. முதலில் ஏறி நின்று பார்க்க வேண்டும். கைப்பிடி உங்கள் உயரத்துக்கு ஒத்து வருகிறதா, வீசி நடந்தால் கால் பெல்ட்டுக்கு வெளியே போகிறதா, உங்கள் எடையைத் தாங்குமா, இதையெல்லாம் பார்க்க வேண்டும். முதல் நாலு எட்டு கல் இழுக்கிற மாதிரி இருக்கும், அப்புறம் பழகிவிடும். முட்டி வலி, தலைசுற்றல் என்று சொல்கிறவர்களுக்கு நான் விற்பதே இல்லை, டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பிவிடுவேன். கதிர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லி வாசல் வரை போனவர், திரும்பி நின்றார்.

"நான் ஒழைச்சு மெஷின ஓட்டணும், காசும் நாந்தான் குடுக்கணுமாக்கா? எங்க ஃபேக்டரில மெஷின ஓட்டுனா அவங்கல்லக்கா எனக்குக் குடுப்பாங்க!"

கீழ் வீட்டுக்கு மாவு

எங்களிடம் டிரெட்மில் வாங்கிய, சிலிபின் பிளாட்டில் தையல் வேலை செய்யும் வசந்தி போன் பண்ணினாள். மெஷின் நன்றாகத்தான் இருக்கிறதாம், சத்தம்தான் கொஞ்சம் கூடுதலாம். மோட்டார் இல்லாவிட்டாலும் பெல்ட் ஓடுகிற சத்தம் கரகரவென்று இருக்கத்தான் செய்யும், தரை அதை வாங்கிக் கீழ் வீட்டுக்கு அனுப்பும். அடியில் விரிக்க ரப்பர் பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவர் பாயை விரித்துக்கொண்டிருக்கும்போது கதவு தட்டப்பட்டது. கீழ் வீட்டு லெட்சுமி அக்கா. கையில் ஒரு பெரிய ஏனம், அதில் ஊறவைத்த அரிசியும் உளுந்தும்.

விஷயம் இதுதான். காலையில் மேலே கேட்கிற சத்தத்தை வைத்து, வசந்தி வீட்டில் பெரிய கிரைண்டர் வாங்கியிருக்கிறார்கள் என்று முடிவு பண்ணிவிட்டார். தன் மிக்சி கெட்டுப் போனதால், அக்கம்பக்கம்தானே, அப்படியே நமக்கும் அரைத்துக் கொடுக்கட்டும் என்று ஏறி வந்துவிட்டார். வசந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்காவுக்குக் காட்டுவதற்காக ஏறி நடந்தே காட்டினாள். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவராம் லெட்சுமி அக்கா. ரப்பர் மரங்களுக்கு நடுவே நிரை நிரையாக நடந்த மனுஷிக்கு, நகராமல் நடக்கிற இந்த வித்தை பிடிபடவே இல்லை. ஏனத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முழுதாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாவும் வராம, ஊருக்கும் போவாம, என்னாத்துக்கும்மா இம்புட்டுச் சத்தம்?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் படம் பிடித்துக் கடையில் மாட்டினால் ஒரு மெஷின் கூட விற்காது.

ஆச்சியின் சப்பாத்து

ஈப்போவில் செட்டியார் வீடு ஒன்று. பிள்ளைகள் டாக்டர், அக்கவுண்டன்ட் என்று வெளியூரில் இருக்கிறார்கள். ஆச்சியும் செட்டியாரும் மட்டும்தான். மெஷின் வைக்க ஹாலில்தான் இடம் இருந்தது, அதுவும் சாமி அறைக்கு நேர் எதிரே. கயிறு கட்டிய சப்பாத்து போடாமல் நடக்கக் கூடாது, வழுக்கும் என்று நான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். சாமிக்கு எதிரே சப்பாத்துக் காலோடு நிற்பதா என்று ஆச்சி ஒரேயடியாக மறுத்துவிட்டார். நம் வீடுகளில் இந்த வழக்கு எனக்குப் புதிதில்லை. பலர் வெறுங்காலோடு நடந்து பெல்ட் சூட்டில் தோல் உரிந்து வந்திருக்கிறார்கள்.

ஆச்சியே ஒரு வழி கண்டுபிடித்தார். புதுச் சப்பாத்து வாங்கி, அதை வாசல் பக்கமே கொண்டு போகாமல், தெரு மண்ணே படாமல் வைத்துக்கொள்வது. மண் படாத சப்பாத்துக்குத் தீட்டில்லை. ஆனால் ஹால் தரையிலும் அதை வைக்க மனசு வரவில்லை. அதனால் பெல்ட் மேலேயே ஒரு குட்டி நாற்காலியைப் போட்டு, உட்கார்ந்து மாட்டிக்கொள்ளலாம் என்று ஏறினார். இந்த மெஷினின் பெல்ட் பின்பக்கம் சாய்வானது, கைப்பிடியைப் பிடிக்காமல் கனத்தை ஏற்றினால் தானே ஓடும் என்பதை அவரிடம் சொல்ல நான் வாயெடுப்பதற்குள், நாற்காலி ஆச்சியைச் சுமந்துகொண்டு பின்பக்கமாகப் புறப்பட்டது. நல்லவேளை, என் வீட்டுக்காரர் பின்னால்தான் நின்றார், தாங்கிப் பிடித்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. ஆச்சி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, சாமி அறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை, வெறுங்காலோட விழுந்தேன். சப்பாத்துக் காலோட விழுந்திருந்தா முருகன் என்ன நெனச்சிருப்பாரு?"

ஒற்றைச் சிலிப்பர்

இதை எழுத எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். ஆச்சி வீட்டிலிருந்து திரும்பி, வேனைப் போட்டுவிட்டு என் வீட்டுக்காரர் உள்ளே வந்தார். சட்டையைக் கழற்றினார், தண்ணீர் குடித்தார், பேப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். வாசலில் பார்த்தால் ஒரு சிலிப்பர்தான் கிடக்கிறது. மற்றது எங்கே என்று கேட்டேன். அவரும் குனிந்து பார்த்தார்.

போய்ப் பார்த்தேன். வேனில், பெடலுக்குப் பக்கத்தில் கிடந்தது. காலிலிருந்து கழன்றதும் அவருக்குத் தெரியவில்லை, ஒரு கால் வெறுங்காலாகக் கல்லிலும் மண்ணிலும் நடந்து வந்ததும் தெரியவில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு வேன் பக்கத்திலேயே நின்று அழுதேன். கடையில் ஊரையே நடக்க வைக்கிற வாய் என்னுடையது, என் வீட்டு மனிதரிடம் செல்லாத வாயும் அதேதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, இனிமேல் சிலிப்பர் கிடையாது, எப்போதும் சப்பாத்துதான் என்று மட்டும் சொன்னேன். அவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார்:

"டாக்டர்கிட்ட சொல்லிப்புடாத, மல்லிகா. வண்டிய வாங்கிப்புடுவாங்க."

சக்கரம் எது?

கதிர் அம்மாவிடம் கேட்டுவிட்டார் போலிருக்கிறது, மறுபடியும் வந்து மெஷினை எடுத்துக்கொண்டார். ஜெலாப்பாங் வீட்டில் இறக்கிப் பூட்டியதும், கதிரின் அம்மா சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்து வைத்தார். பஸ்காரருக்கு இதைப் பார்த்ததும் உற்சாகம் வந்துவிட்டது. வாழ்நாளில் எத்தனை புது பஸ்ஸுக்குச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியிருப்பார்! வண்டி என்றால் வண்டிதான், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வையுங்கள் என்று சொல்லிவிட்டு, கருவிகளை வைக்க வேனுக்குப் போய்விட்டார். மெஷினை உருட்டிக்கொண்டு போவதற்காக முன்னால் இருக்கிற இரண்டு குட்டிச் சக்கரங்களைத்தான் அவர் சொன்னார். அது அவருக்குத் தெரியும். நானோ வாசலில் பில் எழுதிக்கொண்டிருந்தேன், அவர்களுக்கு எப்படித் தெரியும்? சுற்றுவது பெல்ட்தானே, அதுதான் சக்கரம் என்று பெல்ட்டுக்கும் உருளைக்கும் நடுவில் பழத்தைச் செருகிவிட்டார்கள். கதிர் தேங்காய் சுற்றி, கற்பூரம் காட்டி, ஏறி ஓங்கி ஒரு மிதி மிதித்தார்.

பழம் உள்ளே போய்விட்டது. பெல்ட் அப்படியே இறுகி நின்றுவிட்டது. கதிர் மட்டும் நிற்கவில்லை, கைப்பிடியில் போய்த் தொப்பையால் மோதி நின்றார். சாறு தரையெல்லாம் வழிந்தது. என் வீட்டுக்காரர் ஓடி வந்து குடைந்து பார்த்தார், கொட்டை மட்டும்தான் வந்தது. வேறு மெஷின் தருகிறோம் என்றோம். அதற்குள் கதிரின் அம்மா சந்தனக் கிண்ணத்தை மூடிவிட்டார்.

"வேற கொண்டாங்க அண்ணே, இது வேணாம். மொத எட்டுலேயே நின்ன வண்டி எங்கள எங்க கொண்டு போய் விடும்?"

தவுக்கேயின் தீர்ப்பு

மெஷின் கடைக்குத் திரும்பி வந்தது. தவுக்கே பெல்ட்டைக் கழற்றி மூக்கருகே வைத்துப் பார்த்தார். கடை முழுக்க ஊறுகாய் வாசம். துடைத்து, காயவைத்து, எண்ணெய் போட்டு மாட்டியதும் பெல்ட் பழையபடி ஓடியது. ஆனால் மஞ்சள் கறை போகவில்லை. புதுச் சாமான் என்று இதை யாரிடம் விற்பது? என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆத்திரப்பட வேண்டிய தவுக்கே சிரித்தே விட்டார். அவருக்கும் இவர் காலைப் பற்றித் தெரியும். வேனில் ஏற்றச் சொல்லிவிட்டு, உன் எலுமிச்சம்பழம், நீயே நட என்று மலாயில் தீர்ப்பு சொன்னார்:

"லூ புஞ்ஞா லீமாவ், லூ ஜாலான் லா!"

பூஜை போட்ட வண்டி

வீட்டுக்கு வந்த மெஷின் எங்கள் ஹாலில் நின்றது. நின்றது என்றால் நின்றதுதான். அவர் அதில் சட்டையைக் காயப்போட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். கிளினிக் போக வேண்டிய நாள் மட்டும் தன்பாட்டில் நெருங்கிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, அவர் குளிக்கப் போன நேரத்தில், சட்டைகளை எடுத்து மடித்து வைத்தேன். மெஷினைத் துடைத்தேன். கைப்பிடிக்குச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. கற்பூரம் காட்டினேன். இரண்டு எலுமிச்சம்பழத்தை முன்னால் இருக்கிற குட்டிச் சக்கரங்களுக்கு அடியில், சரியான இடத்தில் வைத்து, மெஷினை உருட்டி நசுக்கினேன். பக்கத்திலேயே ஆச்சி முறைப்படி மண் படாத புதுச் சப்பாத்து ஒரு ஜோடி. பிறகு அடுப்பங்கரைக்குப் போய், ஒன்றும் தெரியாதவள் மாதிரி வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

உங்களில் பஸ், லோரி ஓட்டுகிறவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். பூஜை போட்ட வண்டியை நிறுத்தி வைக்கக் கூடாது, ஒரு சுற்றாவது எடுத்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் வண்டிக்கு ஆகாது, ஓட்டுகிறவனுக்கும் ஆகாது. அவர் துண்டோடு வந்து மெஷினைப் பார்த்தார். நசுங்கிய பழத்தைப் பார்த்தார். என் முதுகையும் பார்த்திருப்பார். உள்ளே போய் வேட்டி கட்டினார், வெளியே வந்தார், மறுபடி உள்ளே போய்க் கால்சட்டை மாற்றினார். ஓரக்கண்ணால் பார்த்ததோடு சரி, நான் திரும்பவே இல்லை. சப்பாத்துக் கயிறு கட்டுகிற சத்தம் கேட்டது. கைப்பிடியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பார், அது அவர் வழக்கம். அப்புறம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் பார்த்துக் கேட்டார்:

"எந்த ரூட்டு?"

இறங்குறவங்க முன்னுக்கு வாங்க

தைப்பிங் என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? அன்று சிலிபினில் எடுத்த வண்டி ஜெலாப்பாங் போவதற்குள் அவருக்கு மூச்சு இரைத்தது. நிறுத்தி, நாளைக்கு இங்கிருந்து எடுக்கலாம் என்றார். மெஷினில் தூரம் காட்டுகிற ஒரு சின்னத் திரை இருக்கிறது, அது அவருக்குப் போதும். பழைய ரோடு மனப்பாடம். நான் ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், ஒரே பயணி. கைப்பிடியை விடக் கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட சட்டம். சிம்மோர் வந்தால் வழக்கமாக ஏறும் டீச்சருக்காக வேகத்தைக் குறைத்தார். சுங்கை சிப்புட்டில் மாரியம்மன் கோயில் திருவிழாக் கூட்டம் என்று சொல்லி மெல்ல நடந்தார். கோலக்கங்சாரில் ஆற்றுப் பாலத்தைப் பார்த்துக்கொள் என்றார், பார்த்துக்கொண்டேன். எனக்கு முன்னால் இருந்தது எங்கள் வீட்டு அலமாரிதான்.

ஒரு நாள் லெட்சுமி அக்காவும் வசந்தியும் கடைக்கு வந்த வழியில் எங்களைப் பார்க்க வந்தார்கள். நடந்துகொண்டே அவர் நிறுத்தம் சொல்வதைக் கேட்ட லெட்சுமி அக்கா, வாசலிலேயே நின்றுவிட்டார். பஸ் ஓடிக்கொண்டிருக்கிறபோது எப்படி உள்ளே வருவது என்கிற மாதிரி நின்றார். என் வீட்டுக்காரர் திரும்பாமலே கூப்பிட்டார்:

"ஏறிக்கங்கக்கா, சுங்கை சிப்புட் தாண்டிருச்சு, தோட்டத்துல எறக்க முடியாது லா!"

கிளினிக்கில்

டாக்டர் சின்னப் பெண், நம் தமிழ்ப் பிள்ளை. மறுபடியும் கண்ணை மூடச் சொல்லி, நூலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். நான் என் கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தேன். பாதத்தில் தொட்ட இடமெல்லாம் இவர் சரியாகச் சொன்னார். பெருவிரலில் மட்டும் இப்போதும் தெரியவில்லை. அது திரும்பி வருவது கஷ்டம்தான், ஆனால் மற்ற இடத்துக்குப் பரவவில்லை, சர்க்கரையும் நன்றாக இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். சிலிப்பர் கழன்ற கதையை நான் சொல்லிவிட்டேன், மறைக்க மனசு வரவில்லை. அதைக் கேட்டு டாக்டர் யோசித்து, பெடலை மிதிக்கச் சொல்கிற மாதிரி தன் உள்ளங்கையில் பாதத்தை வைத்து அழுத்தச் சொன்னார். மெல்ல, வேகமாக, மறுபடி மெல்ல. கடைசியில், சப்பாத்து போட்டுக்கொண்டு கிட்டத்து ஓட்டம் மட்டும் ஓட்டுங்கள், இந்த நடையை விடக் கூடாது என்றார்.

எழுதி முடித்துவிட்டு, எங்கே நடக்கிறீர்கள் அங்கிள், பார்க்கிலா, ஸ்டேடியத்திலா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார்:

"பாடாங் ரெங்காஸ் தாண்டிட்டேன் டாக்டர். நாளைக்கு புக்கிட் கந்தாங் ஏறணும்."

கடைசி நிறுத்தம்

புக்கிட் கந்தாங் மலைப்பாதை என்பதால் மெஷினின் முன்காலை ஒரு படி உயர்த்தி வைக்கச் சொன்னார். ஏற்றம் ஏற்றமாகத்தான் இருக்க வேண்டுமாம். வியர்த்துக் கொட்ட ஏறினார். உச்சிக்கு வந்ததும், பழைய நாளில் பஸ் மலையேறியதும் செய்வது போல ஒரு கையைத் தூக்கிச் சாமி கும்பிட்டார், நான் அதட்டி, மறு கையைக் கைப்பிடியிலேயே வைக்கச் சொன்னேன். அடுத்த நாள் இறக்கம், அதற்கடுத்த நாள் சங்காட் ஜெரிங்.

பிறகு ஒரு காலை, வெளியே ஈப்போவில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் நடையைக் குறைத்துக்கொண்டே வந்தார். பெல்ட் மெல்ல நின்றது. கைப்பிடியில் காய்ந்து போன மல்லிகைச் சரத்தை எடுத்துப் போட்டார். கறைபட்ட பெல்ட்டில் நின்றபடி என்னைப் பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

"தைப்பிங் வந்தாச்சு. மழ கொட்டுது, கொடைய விரிச்சுக்கிட்டு எறங்கு, மல்லிகா."

ஊரையெல்லாம் நடக்க வைக்க என் வாய் போதும், என் வீட்டுக்காரரை நடக்க வைக்கத்தான் இரண்டு எலுமிச்சம்பழமும் ஒரு தைப்பிங் ரோடும் தேவைப்பட்டன.